555 புத்தகமும் வாடிக்கையாளர் மனமும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் என்னைப் பார்க்க வந்திருந்தார். தோட்ட நிலம் விற்கப்பட்ட பிறகு பக்கத்துத் தாமானில் குடியேறிய குடும்பம். கணவருக்குத் தொழிற்சாலையில் வேலை. இந்த அம்மாள் சாலையோரத்தில் ஒரு காலைப் பலகாரக் கடை போட்டிருக்கிறார். இட்லி, தோசை, நாசி லெமாக், தேநீர் எல்லாம் உண்டு.

"டீச்சர், சாப்பிட்டவங்க எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. ஒருத்தர்கூட குறை சொல்லல. ஆனா இன்னைக்கு வந்தவங்க நாளைக்கு வர்றதில்ல. ஏன்னே புரியல" என்று சொல்லிக் கண் கலங்கினார். நகையை அடகு வைத்துப் போட்ட கடை அது.

நான் பிள்ளைகளுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக் கொடுப்பவள். வியாபாரம் படித்தவள் அல்லள். ஆனாலும் அந்த அம்மாள் போன பிறகு அவருடைய கேள்வி என்னை விடவில்லை. நான் பிறந்து வளர்ந்த தோட்டத்துக் கடை நினைவுக்கு வந்தது. அங்கே நிலைமை நேர்மாறாக இருந்தது. அந்தக் கடையில் யாருக்கும் திருப்தி கிடையாது. ஆனால் எல்லோரும் மறுபடியும் மறுபடியும் அங்கேயேதான் போனார்கள்.

திருப்தி அடைந்தவர் திரும்பி வரவில்லை. திருப்தி இல்லாதவர் இருபது வருடம் வந்தார். இது எப்படி? உங்கள் குடும்பத்திலும் யாராவது ஒரு சிறு கடை வைத்திருக்கலாம். கடை இல்லாவிட்டாலும் நாம் எல்லோருமே ஏதோ ஒரு கடைக்கு வாடிக்கைக்காரர்கள்தாம். ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சேர்ந்து யோசிப்போம்.

ஒரே கடை, ஒரே வழி

எங்கள் தோட்டத்தில் லயங்களுக்கும் ஆபீசுக்கும் நடுவே ஒரே ஒரு மளிகைக் கடை இருந்தது. பட்டணம் ஐந்து மைல் தூரம். செம்மண் சாலை. மழை பெய்தால் சைக்கிள்கூட ஓடாது. அரிசி, சீனி, மிளகாய், நெத்திலி, பால் டின், மண்ணெண்ணெய் எதுவானாலும் அந்தக் கடைதான்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கே ஒரு 555 புத்தகம் உண்டு. உள்ளங்கை அகலத்தில், அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறு குறிப்புப் புத்தகம். பெரியவர்கள் பலருக்கு அது நன்றாக நினைவிருக்கும். மாதம் முழுவதும் சாமான் வாங்குவோம். முதலாளி அதில் எழுதிக்கொள்வார். சம்பள நாளில் அம்மா கணக்குத் தீர்ப்பார். தீர்ப்பார் என்பது பேச்சுக்குத்தான். பாதி கட்டினால் பாதி நிற்கும். அந்தப் பாதி அடுத்த மாதத்துப் புத்தகத்தின் முதல் வரியாக ஏறும்.

கல்லாவுக்கு மேலே "கடன் அன்பை முறிக்கும்" என்று எழுதிய பலகை ஒன்று தொங்கியது. அதற்கு நேர் கீழே எங்கள் எல்லோருடைய கடன் புத்தகங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும்! சிறு வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அதன் பொருள் பின்னால்தான் புரிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் கடன் எங்களுக்குச் சோறு போட்டது. மழைக் காலத்தில் மரம் வெட்ட முடியாது. மரம் இலை உதிர்க்கும் மாதங்களில் பால் குறைந்துவிடும். சம்பளம் பாதியாகும் அந்த நாட்களில் அரிசி இல்லை என்று முதலாளி ஒருநாளும் எங்களைத் திருப்பி அனுப்பியதில்லை. இந்த நன்றி என் தாயாருக்குக் கடைசிவரை இருந்தது.

புரட்டாசி மாதத்துச் சார்டின்

1988ஆம் ஆண்டு. நான் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சம்பள நாளில் கடைக்கு என்னையும் அழைத்துப் போயிருந்தார். முதலாளி வேறு ஒருவருக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் புத்தகத்தை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

"சார்டின் டின் இரண்டு" என்று ஒரு வரி. நாலு நாள் கழித்து மறுபடியும் "சார்டின் டின் இரண்டு".

அது புரட்டாசி மாதம். எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுவதும் கவுச்சி கிடையாது. மீன் சட்டியைக்கூடக் கழுவிப் பரண்மேல் போட்டுவிடுவார் அம்மா. "அம்மா, நாம சார்டின் வாங்கவே இல்லியே" என்று நான் உரக்கச் சொல்லிவிட்டேன்.

அம்மா என் கையை இறுகப் பிடித்தார். "சும்மா இரு பாப்பா" என்றார். எழுதியிருந்த கணக்குப்படியே பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். வரும் வழியில்தான் சொன்னார்: "கேட்டா அவருக்குக் கோபம் வரும். அடுத்த மாசம் அரிசிக்கு எங்கே போறது?"

அதற்குப் பிறகும் அடுத்த மாதம் அதே கடைக்குப் போனோம். அதற்கு அடுத்த மாதமும் போனோம். வெளியிலிருந்து பார்ப்பவர் என்ன சொல்வார்? "பாருங்கள், எவ்வளவு விசுவாசமான வாடிக்கைக்காரர்கள்!" என்றுதான் சொல்வார். முதலாளியும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. தொழிலாளி தம் சம்பளத்தை எந்த இடத்தில், எந்த முறையில், யாரிடம் செலவு செய்ய வேண்டும் என்று வேலை கொடுப்பவர் நிபந்தனை விதிக்கக் கூடாது என்பதே அது. நல்ல விதி. எங்கள் தோட்டத்திலும் துரையோ கிராணியோ யாரையும் அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும் என்று சொன்னதில்லை. ஆனால் தூரம் ஒரு பூட்டு. கடன் இன்னொரு பூட்டு. இந்த இரண்டு பூட்டுக்கும் சட்டத்தில் சாவி இல்லை.

பஸ் வந்த மாதம்

1992இல் தோட்டத்துச் சாலைக்குத் தார் போட்டார்கள். காலையும் மாலையும் பட்டணத்து பஸ் உள்ளே வர ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்குள் கடையில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. தீபாவளிக்கு முன் கடை வெறிச்சோடிப் போனது.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "இருபது வருஷமா என் கடையிலே வாங்கித் தின்னவங்க. இப்ப நன்றியே இல்லாம போயிட்டாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் புலம்பினார்.

எங்கள் பாக்கி அப்போது 64 வெள்ளி. அம்மா அதை நான்கு சம்பளத்தில் கட்டி முடித்தார். கடைசித் தவணையைக் கொடுத்த அன்று நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா சொன்ன வார்த்தை இன்றும் காதில் இருக்கிறது.

"முதலாளி, மழைக்காலத்துல நீங்க அரிசி கொடுத்தீங்க. அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா அந்தப் புரட்டாசி மாசத்துச் சார்டினையும் என்னால மறக்க முடியல."

முதலாளி ஒன்றும் பேசவில்லை. பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டார். புத்தகத்தை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். நான்கு வருடம் அந்த அம்மாள் இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தம் கடைக்கு வந்தாள் என்பது அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆராய்ச்சியாளர்கள் சொன்னது

என் தாயாரின் கதையைப் போன்ற ஒன்றைப் பெரிய படிப்புப் படித்தவர்களும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 1995ஆம் ஆண்டில் தாமஸ் ஜோன்ஸ், ஏர்ல் சாசர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் ஹார்வர்டு வணிக இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். திருப்தியடைந்த வாடிக்கையாளர்கள்கூட ஏன் விட்டுப் போகிறார்கள் என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

அதில் நகல் இயந்திரங்கள் செய்யும் ஜெராக்ஸ் நிறுவனத்தின் அனுபவம் ஒன்று வருகிறது. அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்களிடம் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போடச் சொல்லிக் கேட்டது. நான்கு என்றால் திருப்தி. ஐந்து என்றால் முழுத் திருப்தி. நான்குக்கும் ஐந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதானே நாம் நினைப்போம்? ஆனால் அடுத்த 18 மாதத்தில் மறுபடியும் அவர்களிடமே வாங்கும் வாய்ப்பு, நான்கு போட்டவர்களைவிட ஐந்து போட்டவர்களிடம் ஆறு மடங்கு அதிகமாக இருந்தது!

"பரவாயில்லை, நன்றாக இருக்கிறது" என்பவர் வேறு. "இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு கடை வேண்டாம்" என்பவர் வேறு. முதலாமவர் பத்துக் காசு மலிவாகக் கிடைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பலகாரக் கடை அம்மாளுக்குக் கிடைத்த "நல்லா இருக்கு" எல்லாம் இந்த நான்கு மதிப்பெண்தான்.

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். போட்டியே இல்லாத இடத்தில் மனக்குறை உள்ளவர்களும் விட்டுப் போவதில்லை. வேறு வழி இல்லாததால் வருகிறார்கள். அப்படிப்பட்டவர்களைப் பிணைக்கைதிகள் என்றே அவர்கள் அழைத்தார்கள். வழி திறந்தவுடன் அவர்கள் போய்விடுவார்கள். எங்கள் தோட்டத்துக்குள் பஸ் வந்த கதை இதுதான் அல்லவா?

ஆகவே, ஒருவர் திரும்பி வருகிறார் என்பதை மட்டும் வைத்து அவருக்குத் திருப்தி என்று முடிவு செய்யக் கூடாது. ஒருவருக்குத் திருப்தி என்பதை மட்டும் வைத்து அவர் திரும்பி வருவார் என்றும் முடிவு செய்யக் கூடாது. இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்று நடுவில் இருக்கிறது. அதுதான் நம்பிக்கை.

28 பேர் திறந்த கடை

இந்த நம்பிக்கையை முதலாக வைத்தே ஒரு கடை தொடங்கியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகருக்கு அருகே ரோச்டேல் என்ற ஊர். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைகளுக்கும் அக்காலத்தில் நம்முடைய கதைதான். கடைக்காரரிடம் கடன். மாவில் கலப்படம். எடையில் குறைவு. கேட்டால் கடன் நின்றுவிடும் என்ற பயம்.

1844ஆம் ஆண்டில் அவர்களில் 28 பேர் சேர்ந்து 28 பவுன் முதல் திரட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி டோட் லேன் என்ற தெருவில் ஒரு சிறு கடை திறந்தார்கள். வெண்ணெய், சீனி, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி இவ்வளவுதான் சரக்கு. அவர்கள் வைத்துக்கொண்ட விதிகள் எளியவை. சரக்கில் கலப்படம் இல்லை. எடையில் குறைவு இல்லை. கடன் கொடுப்பதில்லை. வரும் இலாபத்தை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த அளவுக்குப் பிரித்துக் கொடுப்பது.

கடன் கொடுக்காத கடைக்கு ஏழை எப்படி வருவான் என்று பலரும் நினைத்திருக்கக் கூடும். ஆனால் வந்தார்கள். அந்தச் சிறு கடையிலிருந்துதான் கூட்டுறவு இயக்கம் உலகமெங்கும் பரவியது. கடனால் கட்டாமலேயே வாடிக்கையாளரை வைத்துக்கொள்ள முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காகிதத்தில் மடித்து வைத்த ஐந்து வெள்ளி

இங்கிலாந்துவரை போவானேன்? பஸ் வந்த பிறகு அம்மா போய்ச் சேர்ந்த பட்டணத்துக் கடையையே சொல்கிறேன்.

அங்கே சாமான் ஒன்றும் அதிசயமாக இருக்காது. சீனி விலைகூட மற்றக் கடைகளைவிடச் சில காசு கூடுதல்தான். போன புதிதில் ஒருநாள், வீட்டுக்கு வந்து சில்லறையை எண்ணிப் பார்த்தபோது ஐந்து வெள்ளி குறைந்தது. பஸ் போய்விட்டது. அம்மாவுக்கு அன்று இரவு தூக்கம் இல்லை. மறுவாரம் பயந்துகொண்டே போனார். சார்டின் நினைவு அவருக்கு.

அம்மா வாயைத் திறக்கும் முன்னே கடைக்காரர் மேசை அறையைத் திறந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். காகிதத்தில் மடித்த ஐந்து வெள்ளி. மேலே "தோட்டத்து அம்மா" என்று எழுதியிருந்தது. அவருக்கு எங்கள் பெயர்கூடத் தெரியாது. "ராத்திரி கல்லா கணக்குப் பார்த்தப்ப அஞ்சு வெள்ளி கூட இருந்துச்சும்மா. உங்களுக்குத்தான் சில்லறை தப்பாக் கொடுத்திருப்பேன்னு நினைச்சேன். மன்னிச்சுக்குங்க" என்றார்.

அன்று முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அம்மா வேறு கடையில் சாமான் வாங்கவில்லை. பட்டணத்தில் குளிர்சாதனப் பேரங்காடி திறந்து, என் தம்பி காரில் அழைத்துப் போகிறேன் என்று சொன்னபோதும், "அங்கே எவன் எனக்குக் காசை மடிச்சு வைப்பான்?" என்று கேட்டார்.

இதிலே ஒரு பாடம் இருக்கிறது, பார்த்தீர்களா? தவறே நடக்காத கடை எங்கும் இல்லை. அந்தக் கடைக்காரரும் தவறு செய்தவர்தாம். தவறு நடந்தபோது அவர் என்ன செய்தார் என்பதில்தான் அம்மாவின் மனம் கட்டுண்டது. வள்ளுவர் வணிகரைப் பற்றிச் சொல்லும் குறளை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருளைப் போலவே பேண வேண்டும் என்பது அதன் கருத்து. அம்மா அதைப் படித்தவர் அல்லர். ஆனால் ஐந்து வெள்ளியில் அதன் பொருளைக் கண்டுகொண்டார்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, 555 புத்தகம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அது இப்போது கைத்தொலைபேசிக்குள் குடி வந்திருக்கிறது. "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்று பிள்ளைகள் விரலால் தட்டி வாங்குகிறார்களே, அதுவும் ஒரு கடன் புத்தகம்தான். வீட்டு வாசலில் வந்து தவணைக்குச் சாமான் தருகிறார்களே, அதுவும்தான். கடன் வாங்குவது குற்றமில்லை. ஆனால் கணக்கு உங்கள் கையிலும் இருக்க வேண்டும். வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, என்ன வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்று பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்குப் பாடமும் ஆகும்.

கேட்கப் பயப்படாதீர்கள். என் தாயாருக்குக் கேட்க வழி இல்லை, உங்களுக்கு இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பயனீட்டாளர் தீர்ப்பாயம் ஒன்று ஏற்பட்டது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலேயே நீங்கள் அங்கே கொண்டுபோகலாம். பற்றுச்சீட்டை மட்டும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை

பலகாரக் கடை அம்மாளிடம் நான் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினேன்: "நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் நம் ஜனங்கள் முகத்துக்கு நேரே நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். எது சரியில்லை என்று கேளுங்கள்."

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார். கேட்டிருக்கிறார். இட்லியில் குறை இல்லையாம். தொழிற்சாலை பஸ் காலை ஆறரைக்குப் போகிறது. இவர் சில நாள் ஆறு மணிக்குக் கடை திறக்கிறார், சில நாள் ஏழு ஆகிவிடுகிறது. மாதத்தில் மூன்று நாலு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கடை சாத்தியிருக்கிறது. "உங்களை நம்பி வந்து ரெண்டு நாள் பட்டினியா வேலைக்குப் போனேங்க்கா" என்று ஒரு பையன் சொன்னானாம்.

பார்த்தீர்களா? ருசியில் திருப்தி இருந்தது; நம்பிக்கை இல்லை. அதனால்தான் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனார்கள்.

இப்போது அவர் ஐந்தே முக்காலுக்குத் திறக்கிறார். கடை இல்லாத நாளை முதல் நாளே பலகையில் எழுதி வைக்கிறார். பட்டினியாகப் போன அந்தப் பையனுக்கு மறுநாள் இரண்டு தோசை காசு வாங்காமல் கொடுத்து மன்னிப்புக் கேட்டாராம். கூட்டம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. "அந்தப் பையன் மட்டும் தினமும் வர்றான் டீச்சர், கூட்டாளி ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு" என்றார்.

கடை வைத்திருக்கும் அன்பர்களே, இன்று இரவு கல்லாவை மூடும்போது உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். நாளைக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கடை திறந்தால் இன்று வந்தவர்களில் எத்தனை பேர் என்னிடம் இருப்பார்கள்? அந்த எண்ணிக்கைதான் உங்கள் உண்மையான வாடிக்கை. மற்றவர்கள் எல்லாம் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள்.